கோட்டுக்கு வெளியே

நுழையும்முன்

களத்தில் ஆடுவோரை உலகம் நினைவில் வைக்கிறது. களத்தின் ஓரத்தில் அமர்ந்திருப்போரின் பெயர்கள் பெரும்பாலும் ஆட்டம் முடிந்ததும் மறக்கப்படுகின்றன. ஆயினும், ஆட்டத்தின் போக்கை அவர்களும் தீர்மானிக்கின்றனர். ஓரத்தில் இருப்பது எப்போது பயிற்சியாகிறது, எப்போது தொண்டாகிறது, எப்போது அநீதியாகிறது என்பதை விளையாட்டு வரலாற்றின்வழி விளக்குகிறது இப்பாடம்.

கோடும் களமும்

எந்த விளையாட்டும் ஒரு கோட்டில்தான் தொடங்குகிறது. அது தெருமண்ணில் குச்சியால் கீறிய கோடாக இருக்கலாம். பெரிய அரங்கில் சுண்ணாம்புத் தூளால் இட்ட கோடாகவும் இருக்கலாம். கோடு வரையப்பட்ட அக்கணமே, அங்குக் கூடியிருப்போர் இரு பிரிவினர் ஆகிவிடுகின்றனர். உள்ளே இருப்போர் ஆடுகின்றனர். வெளியே இருப்போர் பார்க்கின்றனர். கபடியில் ஓர் அணிக்கு எழுவர், கால்பந்திலும் கிரிக்கெட்டிலும் பதினொருவர் என உள்ளே இருக்க வேண்டியோரின் எண்ணிக்கையை விதிகள் வரையறுக்கின்றன. எட்டாமவரும் பன்னிரண்டாமவரும் எவ்வளவு திறன் பெற்றிருந்தாலும் கோட்டுக்கு வெளியேதான் இருக்க வேண்டும்.

வெளியே இருப்போர் அனைவரும் ஒரே காரணத்தால் அங்கு இருப்பதில்லை. தம் முறை வருவதற்காகக் காத்திருப்போர் ஒரு வகையினர். ஆடுவோருக்குத் துணைநிற்பதையே தம் பணியாகக் கொண்டோர் மற்றொரு வகையினர். பிறப்பு, பால், உடல்நிலை ஆகியவற்றைக் காரணம் காட்டி உள்ளே விடாமல் தடுக்கப்பட்டோர் மூன்றாம் வகையினர். தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு மூவரும் ஓரத்தில் நிற்போராகவே தோன்றுவர். ஆனால், முதல் வகையினருக்குத் தேவைப்படுவது பொறுமை. இரண்டாம் வகையினருக்கு உரியது மதிப்பு. மூன்றாம் வகையினருக்குக் கிடைக்க வேண்டியது நீதி. நீதி வேண்டி நிற்பவரிடம் பொறுமையை அறிவுரையாகக் கூறுவது பெரும் தவறாகும். ஆகவே, இம்மூன்றையும் வேறுபடுத்தி அறிதல் இன்றியமையாதது.

சொற்களில் படிந்த ஏளனம்

ஓரத்தில் இருப்போரைச் சமூகம் எவ்வாறு மதிப்பிட்டது என்பதை அன்றாடப் பேச்சே காட்டிவிடுகிறது. பிறர் கூறுவதற்கெல்லாம் தலையாட்டுபவரை ‘ஒத்து ஊதுகிறார்’ என்பர். ஒரு நற்செயலைத் தடுப்பவரை ‘முட்டுக்கட்டை போடுகிறார்’ என்பர். எண்ணிக்கைக்காக மட்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டவரை ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்பர். இம்மூன்றும் இகழ்ச்சிப் பொருளிலேயே வழங்குகின்றன. இவை பிறந்த இடங்களுக்குச் சென்று பார்த்தால் வேறோர் உண்மை புலப்படும்.

நாகசுர இசையில் ஒத்து என்பது ஒரு துணைக்கருவி. இராகம் இசைப்பதற்குரிய விரல்துளைகள் அதில் இல்லை. ஒத்து ஊதுபவர் ஒரே சுருதியை இடைவிடாமல் ஊதிக்கொண்டே இருப்பார். கேட்போரின் செவி நாகசுரத்தின் கற்பனைகளைத் தொடர்ந்து செல்லும். அக்கற்பனைகள் சுருதி வழுவாமல் நிற்பதற்கு அடித்தளமாக இருப்பது ஒத்தின் ஒலியே ஆகும்.

தேரோட்டத்திலும் இவ்வாறே. நூற்றுக்கணக்கானோர் வடம்பிடித்து முன்னே இழுத்துச் செல்ல, சிலர் மட்டும் தேரின் சக்கரங்களை ஒட்டி நடந்துவருவர். அவர்கள் கையில் இருப்பது முட்டுக்கட்டை. தேர் விலகிச் செல்லும்போது உரிய சக்கரத்தின்கீழ் அதனை இட்டுத் தேரை நேர்ப்படுத்துவர். வீதி திரும்பும் இடத்தில் தேரைத் திருப்புவர். சரிவில் ஓடத் தொடங்கினால் நிறுத்துவர். வடம்பிடிப்போர் தேருக்கு வேகம் தருகின்றனர்; அவ்வேகம் எவரையும் நசுக்காமல் காப்போர் முட்டுக்கட்டை இடுவோர். அவர்களுடைய கருவியின் பெயர் தடைக்கு மறுபெயராகிவிட்டது வியப்பிற்குரியது.

சிறுவர் விளையாட்டில், வயதில் மிகச் சிறிய குழந்தை தானும் ஆடவேண்டும் என்று அழும்போது, பெரிய பிள்ளைகள் அதனைச் சேர்த்துக்கொள்வர். அக்குழந்தை பிடிபட்டாலும் ஆட்டமிழக்காது. வென்றாலும் கணக்கில் வராது. விலக்கிவிடாமல் அணைத்துக்கொள்ளும் நல்ல வழக்கம்தான் அது. ஆயினும், அதற்கு இட்ட பெயரில் கால் ஊனமுற்றோர் ஆட்டத்திற்கு உரியவர் அல்லர் என்னும் எண்ணமும் ஒளிந்துள்ளது. அவ்வெண்ணத்தை உலகம் எவ்வாறு கடந்தது என்பது பின்னர் விளக்கப்படும்.

காத்திருத்தல் என்னும் பயிற்சி

ஆட்டத்தின் இடையே ஒருவருக்கு மாற்றாக மற்றொருவரை இறக்கும் முறை இன்று இயல்பானதாகத் தோன்றுகிறது. ஆனால், உலகக் கோப்பைக் கால்பந்தில் 1966ஆம் ஆண்டு வரையில் அதற்கு இடமே இல்லை. அவ்வாண்டு போர்ச்சுகல் அணிக்கு எதிரான ஆட்டத்தில் பிரேசிலின் பெலே கடுமையாகத் தாக்கப்பட்டுக் காயமுற்றார். மாற்றுவீரருக்கு விதி இடமளிக்காததால் நொண்டியபடியே அவர் களத்தில் நிற்க வேண்டியதாயிற்று. 1970இல் மெக்சிகோவில் நடைபெற்ற உலகக் கோப்பையில்தான் ஓர் அணி இரண்டு மாற்றுவீரர்களைப் பயன்படுத்தலாம் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. இன்று ஓர் ஆட்டத்தில் ஐவரை மாற்றிக்கொள்ளலாம்.

தெரிந்து தெளிவோம்

உலகக் கோப்பைக் கால்பந்தில் களமிறங்கிய முதல் மாற்றுவீரர் சோவியத் ஒன்றியத்தின் அனத்தோலி புசாச். 1970 மே 31 அன்று மெக்சிகோவுக்கு எதிரான தொடக்க ஆட்டத்தின் இடைவேளையில் அவர் மாற்றுவீரராக இறக்கப்பட்டார்.

மாற்றுவீரரின் பணி எளிதன்று. எப்போது அழைப்பு வரும் என்பது அவருக்குத் தெரியாது. அழைப்பு வராமலேயே ஆட்டம் முடிந்துவிடவும் கூடும். ஆயினும், உடலையும் மனத்தையும் அவர் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். உள்ளே ஆடுபவருக்குப் பந்தே தெரிகிறது. வெளியே இருப்பவருக்கு முழுக்களமும் தெரிகிறது. எதிரணியில் யார் களைத்துவிட்டார், எந்தப் பக்கத்தில் இடைவெளி விழுகிறது என்பவற்றை நுணுகி நோக்குபவரே நல்ல மாற்றுவீரர் ஆகிறார். திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரங்கள் 48, 49, 50 என அடுத்தடுத்து அமைந்துள்ளன. தன் வலிமை, உரிய காலம், உரிய இடம் ஆகிய மூன்றையும் ஒருங்கே எண்ணிப் பார்க்கும் வாய்ப்புக் காத்திருப்பவருக்கே மிகுதியாக வாய்க்கிறது.

2014ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டத்தில் ஜெர்மனியும் அர்ஜென்டினாவும் மோதின. 88ஆம் நிமிடத்தில், உலகக் கோப்பைகளில் 16 கோல்கள் அடித்துச் சாதனை படைத்திருந்த மிரோஸ்லாவ் குளோசாவுக்கு மாற்றாக 22 வயதான மாரியோ கோட்சே களமிறங்கினார். கூடுதல் நேரத்தில், 113ஆம் நிமிடத்தில் அவர் அடித்த ஒரே கோலால் ஜெர்மனி கோப்பையை வென்றது. அந்தப் பந்தை அவருக்கு அனுப்பிய ஆந்த்ரே ஷூர்லேவும் மாற்றுவீரராக வந்தவரே. ஆட்டம் தொடங்கியபோது கோட்டுக்கு வெளியே அமர்ந்திருந்த இருவர் அதன் முடிவை எழுதினர்.

கிரிக்கெட்டில் இத்தகைய மாற்றம் மிகத் தாமதமாகவே வந்தது. 2014ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய வீரர் பிலிப் ஹியூஸ் தலைப்பகுதியில் பந்து தாக்கி உயிரிழந்தபின், இத்தகைய காயங்கள் குறித்த கவலை பெருகியது. தலையில் அடிபட்டு அதிர்ச்சிக்குள்ளானவருக்கு மாற்றாக, மட்டைபிடிக்கவும் பந்துவீசவும் உரிமையுள்ள மற்றொரு வீரரை இறக்கலாம் என்னும் விதி பன்னாட்டு ஆட்டங்களில் 2019இல் நடைமுறைக்கு வந்தது. அம்மாதமே லார்ட்ஸ் மைதானத்தில் ஸ்டீவ் ஸ்மித் தலைப்பகுதியில் அடிபட்டு விலக, டெஸ்ட் வரலாற்றில் அவ்விதியின்படி இறங்கிய முதல் வீரர் ஆனார் மார்னஸ் லபுஷேன். தொடக்கப் பதினொருவரில் அவர் பெயர் இல்லை. ஆயினும், அக்கோடையில் இங்கிலாந்தின் கிளாமோர்கன் அணிக்காக ஆடி அவர் ஓட்டங்களைக் குவித்திருந்தார். களமிறங்கிய சற்று நேரத்திலேயே வேகப்பந்து ஒன்று அவரது தலைக்கவசத்தையும் தாக்கியது. எழுந்து நின்று ஆடி 59 ஓட்டங்கள் எடுத்தார். ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அவ்வாண்டு டெஸ்ட் ஆட்டங்களில் மிகுதியான ஓட்டங்கள் எடுத்தவராகவும் அவர் விளங்கினார். வாய்ப்பு அவருக்குத் தற்செயலாக வந்தது. அதனை ஏற்கும் ஆற்றலோ வெளியே இருந்த காலத்தில் ஈட்டப்பட்டது.

மீண்டும் உயிர்பெறுதல்

காத்திருப்போரின் உரிமையை ஆட்ட விதியிலேயே பொதிந்து வைத்திருக்கும் விளையாட்டு, சடுகுடு எனத் தமிழகம் அறிந்த கபடியாகும். கிரிக்கெட்டில் ஆட்டமிழந்த மட்டையாளர் அந்த ஆட்டச்சுற்றில் மீண்டும் மட்டைபிடிக்க இயலாது. கபடியில் நிலை வேறு. பாடிவருபவரால் தொடப்பட்டோ, பாடிச் சென்றபோது பிடிபட்டோ ஆட்டமிழந்தவர் கோட்டுக்கு வெளியே தம் அணிக்குரிய இடத்தில் வரிசையாக அமர்வார். அவருடைய அணி எதிரணியில் ஒருவரை ஆட்டமிழக்கச் செய்யும்போது, வெளியே இருப்பவருள் ஒருவர் உயிர்பெற்று உள்ளே வருவார். யார் முதலில் வெளியேறினாரோ அவரே முதலில் உள்ளே வருவார். போனஸ் கோட்டைத் தொட்டுப் பெறும் புள்ளிக்கு எவரும் உயிர்பெறுவதில்லை.

இவ்விதியில் ஆழ்ந்த பொருள் உண்டு. வெளியே இருப்பவர் தம் முயற்சியால் மட்டும் உள்ளே வர இயலாது. உள்ளே இருப்பவரின் உழைப்பே அவரை மீட்கிறது. களத்தில் எஞ்சியிருக்கும் ஒரே வீரர் பாடிச் சென்று எதிரணியினர் இருவரைத் தொட்டுத் திரும்பினால், வெளியே இருக்கும் இருவர் எழுந்து வருகின்றனர். அவர் தமக்காக மட்டும் மூச்சைப் பிடித்திருக்கவில்லை. குடும்பத்தில் முதலில் படித்து முன்னேறிய ஒருவர், வாய்ப்பிழந்த தம்பி தங்கையரைக் கைதூக்கி விடுவதும் இத்தகையதே.

துணைநிற்கும் கைகள்

இரண்டாம் வகையினர் களத்தில் ஆடும் வாய்ப்பை எதிர்நோக்காமலேயே பணியாற்றுவோர். ஆடுகளத்தைச் சமன்செய்வோர், ஓட்டங்களைக் குறிப்போர், காயத்திற்கு மருந்திடுவோர், தண்ணீர் கொண்டுசெல்வோர் எனப் பலர் இவ்வகையில் அடங்குவர். கிரிக்கெட்டில் பன்னிரண்டாம் ஆட்டக்காரர் என்று ஒருவர் உண்டு. தண்ணீரும் கையுறையும் எடுத்துச் செல்வது அவர் பணி. உள்ளே இருப்பவர் காயமுற்று வெளியேறினால் அவருக்கு மாற்றாகக் களத்தடுப்பில் ஈடுபடலாம். ஆனால், மட்டைபிடிக்கவோ பந்துவீசவோ அவருக்கு உரிமை இல்லை.

இவ்வளவு குறுகிய உரிமையுடன் களமிறங்கிய ஒருவர் ஒரு தொடரின் நினைவில் நிலைத்துவிட்டார். 2005ஆம் ஆண்டு ஆஷஸ் தொடரின் நான்காவது டெஸ்ட் ஆட்டம் இங்கிலாந்தின் டிரென்ட் பிரிட்ஜில் நடைபெற்றது. காயமுற்ற பந்துவீச்சாளருக்கு மாற்றாகக் களத்தடுப்பில் நின்றார் டர்ஹாம் அணியைச் சேர்ந்த கேரி பிராட். ஆஸ்திரேலிய அணித்தலைவர் ரிக்கி பாண்டிங் 48 ஓட்டங்களுடன் உறுதியாக ஆடிக்கொண்டிருந்தபோது, பிராட் பந்தை விரைந்து எடுத்து எறிந்து குச்சிகளைத் தகர்த்தார். பாண்டிங் ரன் அவுட் ஆனார். அந்த ஆட்டத்தை மூன்று விக்கெட்டுகளில் வென்ற இங்கிலாந்து, தொடரையும் 2-1 எனக் கைப்பற்றியது. கேரி பிராட் இங்கிலாந்துக்காக ஒரு டெஸ்ட் ஆட்டத்தில்கூட முறையான வீரராக ஆடியதில்லை.

ஓரத்தில் இருப்போரின் ஆயத்தநிலை ஓர் உயிரையே காத்த நிகழ்வும் உண்டு. 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க்கும் பின்லாந்தும் மோதிய ஐரோப்பியக் கோப்பைக் கால்பந்து ஆட்டத்தில், டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் முதல் பாதி முடியும் நேரத்தில் திடீரெனச் சரிந்து விழுந்தார். அவரது இதயத்துடிப்பு நின்றுவிட்டது. நடுவர் உடனே ஆட்டத்தை நிறுத்தி மருத்துவக் குழுவை அழைத்தார். கோட்டுக்கு வெளியே இருந்த மருத்துவர்கள் ஓடிவந்து மார்பை அழுத்தி முதலுதவி அளித்தனர். மின்னதிர்வுக் கருவியால் இதயத்தை மீண்டும் துடிக்கச் செய்தனர். சக வீரர்கள் அவரைச் சுற்றி அரணாக நின்று, பார்வையாளர் கண்களிலிருந்து அவரை மறைத்தனர். எரிக்சன் பிழைத்தார், அடுத்த ஆண்டிலேயே களத்திற்குத் திரும்பினார், 2024ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பையில் தம் நாட்டுக்காகக் கோலும் அடித்தார். பெரும்பாலான ஆட்டங்களில் மருத்துவக் குழுவுக்கு இத்தகைய வேலை நேர்வதில்லை. நேராதபோதும் ஆயத்தமாக இருந்ததன் பயன் அந்த ஒரு மாலையில் விளங்கிற்று.

விலக்கப்பட்டவர் காட்டிய வழி

விளையாட்டுக்கு வெளியிலும் இதற்குச் சான்றுகள் உள்ளன. 1970 ஏப்ரலில் நிலவுக்குப் புறப்பட இருந்த அப்பல்லோ 13 விண்கலத்தின் மூவருள் கென் மேட்டிங்லியும் ஒருவர். புறப்படுவதற்குச் சில நாள்களே இருந்த நிலையில், ஜெர்மன் தட்டம்மை நோயாளி ஒருவருடன் அவர் பழக நேர்ந்தது தெரியவந்தது. அந்நோய்க்கு எதிரான ஆற்றல் அவர் உடலில் இல்லை என்பதால் அவர் விலக்கப்பட்டு, ஜாக் சுவிகர்ட் சேர்க்கப்பட்டார். நெடுங்காலம் பயின்று பெற்ற வாய்ப்பு, வராத ஒரு நோயின் பெயரால் பறிபோயிற்று. உண்மையில் அவருக்கு அம்மை வரவே இல்லை.

பயணத்தின் நடுவில் ஆக்சிஜன் கலன் ஒன்று வெடித்தது. நிலவில் இறங்கும் திட்டம் கைவிடப்பட்டு, மூவரையும் உயிருடன் மீட்பதே நோக்கமாயிற்று. மின்னாற்றலைச் சேமிப்பதற்காக முதன்மைக் கலத்தின் இயக்கம் நிறுத்தப்பட்டது. எஞ்சியிருந்த மிகக் குறைந்த மின்னாற்றலைக் கொண்டு அதனை மீண்டும் இயக்கினால்தான் புவிக்குள் நுழைய இயலும். அதற்கான புதிய செயல்முறையை உருவாக்கிச் சோதித்துப் பார்த்த தரைக்கட்டுப்பாட்டுக் குழுவினருடன் மேட்டிங்லியும் உழைத்தார். அக்கலத்தை இயக்குவதற்கென்றே பயிற்சி பெற்ற அவருடைய அறிவு, விண்ணில் இருந்தோர்க்குத் தரையிலிருந்து உதவியது. ஏப்ரல் 17 அன்று மூவரும் பத்திரமாகக் கடலில் இறங்கினர். மேட்டிங்லி 1972இல் அப்பல்லோ 16 கலத்தில் நிலவுப்பயணம் மேற்கொண்டார்.

இந்திய விண்வெளி வரலாற்றிலும் இத்தகைய ஒருவர் உண்டு. 1984 ஏப்ரல் 3 அன்று ராகேஷ் சர்மா விண்வெளிக்குச் சென்றார். அவருடன் சோவியத் ஒன்றியத்தில் அதே பயிற்சியை முழுமையாகப் பெற்று, தேவைப்பட்டால் செல்வதற்கு ஆயத்தமாக இருந்தவர் ரவீஷ் மல்கோத்ரா. அவருக்கு அழைப்பு வரவில்லை. அழைப்பு வராத ஆயத்தமும் அப்பயணத்தின் ஒரு பகுதியே ஆகும்.

தடுக்கப்பட்டோர்

இதுவரை கூறப்பட்டோர் ஆட்டத்தின் தேவையாலோ சூழ்நிலையாலோ வெளியே இருந்தோர். மூன்றாம் வகையினரின் நிலை வேறானது. அவர்களைத் தடுத்தவை ஆட்ட விதிகள் அல்ல. சமூகம் வரைந்த கோடுகள்.

பல்வாங்கர் பாலு ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த சுழற்பந்து வீச்சாளர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புனே நகரில் ஐரோப்பியர் மன்றத்தின் ஆடுகளத்தைப் பேணும் பணியாளராக இருந்தார். வலைப்பயிற்சியில் ஆங்கிலேயருக்குப் பந்துவீசியே தம் திறனை வளர்த்தார். மட்டைபிடிக்கும் வாய்ப்பு அங்கு அவருக்கு அளிக்கப்படவில்லை. அவருடைய ஆற்றலை அறிந்த இந்து அணியினர் அவரைச் சேர்த்துக்கொண்டனர். களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டனர். தேநீர் இடைவேளையிலோ, மற்றவர்கள் மாளிகையின் உள்ளே அமர்ந்து பீங்கான் கோப்பையில் அருந்த, பாலுவுக்கு வெளியே மண்குவளையில் தேநீர் தரப்பட்டது. விக்கெட் வேண்டியபோது கோட்டுக்குள்ளும், ஓய்வுவேளையில் கோட்டுக்கு வெளியேயும் அவர் வைக்கப்பட்டார்.

1911ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சுற்றுப்பயணம் செய்த இந்திய அணியில் இடம்பெற்ற பாலு, அப்பயணத்தில் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அத்தகையவருக்கும் இந்து அணியின் தலைமை வழங்கப்படவில்லை. 1920இல் அவருடைய சகோதரர்களான விட்டலும் சிவராமும் அணியிலிருந்து விலகித் தம் எதிர்ப்பை வெளிப்படுத்தினர். நீதிக்காகக் கோட்டுக்கு வெளியே தாமே சென்று நிற்பதும் ஓர் அறவழியே என்பதை அவர்கள் காட்டினர். 1923இல் விட்டல் இந்து அணியின் தலைவரானார். அண்ணனுக்கு மறுக்கப்பட்ட பொறுப்பு தம்பிக்கு வந்தது. பாலு இழந்த ஆண்டுகள் திரும்ப வரவில்லை.

பெண்களின் வரலாறும் இத்தகையதே. 1920 டிசம்பர் 26 அன்று இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் நடைபெற்ற மகளிர் கால்பந்து ஆட்டத்தைக் காண ஏறத்தாழ 53,000 பேர் திரண்டனர். ஓராண்டுக்குள், 1921 டிசம்பரில், இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் தன்னைச் சார்ந்த மன்றங்களின் மைதானங்களில் மகளிர் ஆடக்கூடாது எனத் தடைவிதித்தது. அத்தடை நீங்க ஏறத்தாழ 50 ஆண்டுகள் ஆயின. கபடி 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆடவர்க்குரிய பதக்க ஆட்டமாகச் சேர்க்கப்பட்டது. மகளிர் கபடி அங்கு இடம்பெற 2010ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. இடைப்பட்ட 20 ஆண்டுகளில் ஆடி ஓய்ந்த பெண்கள் எத்தனை பேர் என்பதை எந்தப் பதக்கப் பட்டியலும் கூறாது.

உடற்குறையுடையோர் ஆட்டத்திற்கு உரியவர் அல்லர் என்னும் எண்ணத்தைத் தகர்க்க முன்வந்தவர்களுள் ஒருவர் மருத்துவர் லுட்விக் குட்மன். போரில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டோருக்கு அவர் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் சிகிச்சை அளித்துவந்தார். 1948 ஜூலை 29 அன்று இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேர் பங்கேற்ற வில்வித்தைப் போட்டியை அம்மருத்துவமனையில் நடத்தினார். அதன் வளர்ச்சியாக 1960இல் ரோம் நகரில் முதல் பாராலிம்பிக் போட்டி நிகழ்ந்தது. சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, சிறுவயதில் பேருந்து ஏறியதால் வலக்காலில் பாதிப்புற்றவர். 2016இல் ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். தொடர்ந்து டோக்கியோவில் வெள்ளியும் பாரிசில் வெண்கலமும் பெற்றார். ஒப்புக்குச் சேர்த்துக்கொள்ளப்படவில்லை அவர். முறையாக அளந்து குறிக்கப்பட்ட உயரத்தைத் தாண்டியவர்.

வாழ்க்கைக் களத்தில்

பள்ளி வாழ்விலும் இம்மூன்று நிலைகளும் நேர்கின்றன. பள்ளி அணித்தேர்வில் பெயர் இடம்பெறாத மாணவர், தம்மைவிடத் திறன்மிக்கவர் ஆடுகிறார் என்றால், அடுத்த தேர்வுக்குப் பயிற்சி செய்வதே பொருத்தமானது. ஆண்டுவிழா நாடகத்தில் திரைச்சீலை இழுப்பவரும் ஒளியமைப்பவரும் மேடையேறாவிட்டாலும், அவர்கள் இன்றி நாடகம் நிகழாது; அவர்தம் பெயரையும் அறிவிப்பதே முறை. நன்றாக ஓடக்கூடிய மாணவி, பெண் என்பதற்காகவே மைதானத்திற்கு அனுப்பப்படவில்லை என்றால், அவரிடம் பொறுமை காக்கச் சொல்வது தகாது. அங்குப் பேச வேண்டியவர்கள் பெற்றோரும் ஆசிரியரும் உடன் பயில்வோரும் ஆவர்.

தாமாகவே ஓரத்தில் ஒதுங்கிக்கொள்வோரும் உண்டு. தோற்றுவிடுவோமோ, பிறர் நகைப்பார்களோ என்னும் அச்சத்தால் கையுயர்த்தாமல் இருப்போர் அவர்கள். அவர்களை எவரும் தடுக்கவில்லை. ஆயினும் உள்ளே அழைக்கவும் எவரும் இல்லை. ஒரு முறை பெயர்சொல்லி அழைப்பதே பலருக்குப் போதுமானதாக இருக்கும். மாறாக, ஒரு மாணவரைப் பலர் கூடி இழிவுபடுத்தும்போது ஓரத்தில் நின்று வேடிக்கை பார்ப்பது அச்சத்தின் மிகத் தீய வடிவமாகும். அங்கு வெளியே நிற்பவர் எவரும் நடுநிலையாளர் ஆகார். அவருடைய மௌனம் இழிவுபடுத்துவோர்க்குத் துணையாகிவிடுகிறது.

ஆகவே, ஒருவர் ஓரத்தில் நிற்பதைக் காணும்போது, அவர் ஏன் அங்கு நிற்கிறார் என்னும் வினாவே முதலில் எழ வேண்டும். ஆட்டத்தின் தேவையால் நிற்கிறாரா, தம் பணியால் நிற்கிறாரா, பிறர் வகுத்த தடையால் நிற்கிறாரா என்பதற்கு ஏற்பவே செய்யத்தக்கது அமையும். உள்ளே இடம் பெற்றவருக்கு இவ்வினாவைக் கேட்கும் கடமை கூடுதலாக உண்டு. அவருடைய குரலே களத்தில் எளிதாகக் கேட்கும்.

கோடுகள் இயற்கையில் அமைந்தவை அல்ல, மனிதர் வரைந்தவை. மாற்றுவீரருக்கு இடமில்லை என்ற கோடு 1970இல் மாற்றி வரையப்பட்டது. தலையில் அடிபட்டவருக்கு மாற்று இல்லை என்ற கோடு 2019இல் மாறியது. ஆசியக் கபடிக் களத்தின் கோடு 2010இல் பெண்களுக்கும் இடம்விட்டது. ஒவ்வொரு மாற்றத்திற்கு முன்னும், அப்போதிருந்த கோடே என்றும் நிலையானது என நம்பியவர்கள் இருந்தனர். அதனை ஏற்காமல் கேள்வி கேட்டவர்களும் இருந்தனர்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளியில் நடைபெறும் ஒரு விளையாட்டுப் போட்டியைக் கண்டு, களத்தில் ஆடாமல் அதற்குத் துணைநின்றோரின் பணிகளைப் பட்டியலிடுக.

2. உங்கள் ஊரில் முன்பு சிலருக்கு மறுக்கப்பட்டு இன்று அனைவருக்கும் உரியதாகியுள்ள ஓர் இடத்தைப் பற்றி முதியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

3. ‘ஒத்து ஊதுதல்’, ‘முட்டுக்கட்டை போடுதல்’ ஆகியன போல, ஒரு தொழிலிலிருந்து தோன்றி இகழ்ச்சிப் பொருள் பெற்ற தொடர்களைத் திரட்டி, அத்தொழிலின் உண்மையான பயனை வகுப்பில் விளக்குக.